கடல்கடந்த கல்வியும் பிறப்புப் பத்திரமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய மாணவி ஒருத்தி, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிக் கடிதத்தோடும் மாணவர் விசாப் படிவத்தோடும் என்னைக் காண வந்தாள். உடன் வந்த அவள் தந்தையார், "அந்தக் காலத்திலும் இத்தனை கேள்வி கேட்டார்களா ஐயா?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

1952 முதல் 1962 வரை லிவர்பூல் நகரையடுத்த கெர்பியில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இயங்கியது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் அங்கே ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். 1956 பிப்ரவரி 7-ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் அக்கல்லூரிக்குச் சென்று, மலாயா விடுதலை பெறவிருக்கும் நாளை அம்மாணவர்களிடம் அறிவித்தார். அவர்கள் சென்ற காலத்தில், இன்று நாம் அறிந்த மாணவர் விசா என்ற ஒன்று அவர்களுக்கு இருந்ததில்லை.

காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் 1962 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்பின் பிரிட்டனில் நுழையும் காமன்வெல்த் குடிமக்களும் அதிகாரியின் அனுமதியை நாட வேண்டியதாயிற்று. ஆயினும் கல்லூரி இடமும் செலவுக்கு வழியும் உண்டெனக் காட்டிய மாணவர்க்குக் கதவு திறந்தே இருந்தது.

அடுத்த தடை கட்டண வடிவில் வந்தது. வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என மார்கரெட் தாட்சரின் அரசு முடிவெடுத்தது. 1980-இல் அது நடைமுறையானது. அக்காலத்தில் பிரிட்டனில் பயின்ற வெளிநாட்டினருள் நம் மாணவரே மிகுதி. 1981-இல் பிரதமர் மகாதீர் பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவோம் என்று அறிவித்ததற்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணம். 1983-இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. கட்டணம் குறையவில்லை. பாதிப் படிப்பை இங்கேயே முடிக்கும் இரட்டைக் கல்வித் திட்டங்கள் இங்குள்ள தனியார் கல்லூரிகளில் வளர்ந்தமைக்கு இதுவும் தூண்டுகோல்.

2003 நவம்பர் முதல், ஆறு மாதத்திற்கு மேல் தங்கும் மலேசியர் புறப்படுமுன்னரே அனுமதி பெற வேண்டும் என்ற விதி பிறந்தது. 2009-இல் புள்ளி முறையும் வந்தபின் படிவங்கள் பெருகின.

விசா கடப்பிதழில்தான் ஒட்டப்பட வேண்டும் என்றிருந்த காலத்தும் சரி, கணினிப் பதிவாக மாறிய இக்காலத்தும் சரி, கடப்பிதழ் இல்லாதார்க்கு விசா இல்லை. குடியுரிமை இல்லாதார்க்கு மலேசியக் கடப்பிதழ் இல்லை. நம்மவர் பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்கு வெளிநாட்டில் கல்லூரி இடம் கிடைத்தது, கடப்பிதழ் கிடைக்கவில்லை. தந்தை குடிமகன், தாயாரிடமோ எந்த ஆவணமும் இல்லை. கோயிலில் முறையாகத் தாலி கட்டியவர்கள்தாம். ஆனால் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்தது முதல் முசுலிம் அல்லாதார் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே அமைகிறது. அம்மாணவன் அந்த இடத்தை இழந்தான். முதலாம் ஆண்டில் அவன் பிறப்புப் பத்திரத்தை என் கையால் வாங்கி அடுக்கியவன் நான். அதில் எழுதியிருந்ததை அன்று கருத்தூன்றிப் படிக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை குறித்த வரியையும் பெயரின் எழுத்துகளையும் இன்றே பாருங்கள். உடன்பணியாற்றும் ஆசிரியர்களே, சேர்க்கை நாளில் ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். ஏழு வயதில் தெரிந்தால் முறையிட்டுப் போராடப் பத்தாண்டுகள் உண்டு. பதினெட்டில் தெரிந்தால் கையில் அனுமதிக் கடிதம் மட்டுமே மிஞ்சும்.