நாவிக்

'இந்தியாவின் ஜிபிஎஸ்' என்று நாளிதழ்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஜிபிஎஸ் என்பது அமெரிக்க அமைப்பின் பெயர், நம்முடையது நாவிக். 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் ஏறியது. 2016 ஏப்ரலில் ஏழாவது ஏறியதும் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் என்றாலும், வடமொழியில் நாவிகன் என்றால் படகோட்டி. 'நௌ' என்ற படகிலிருந்து பிறந்த சொல். லத்தீனில் கப்பலைக் குறிக்கும் நாவிஸ் இதன் உடன்பிறப்பு; நேவிகேஷன் வந்தது அதிலிருந்துதான். துடுப்புப் பிடித்தவனின் பெயர் இன்று 36,000 கிலோமீட்டர் உயரத்தில், அணுக்கடிகாரத்தோடு சுற்றுகிறது! நம் பழஞ்சொல் மீகாமன், கலம் செலுத்துபவன். அழகான சொல், ஆனால் நாவாயோடு அதுவும் வழக்கொழிந்தது. இன்று புழங்கும் மாலுமியோ அரபு 'முஅல்லிம்' தந்தது. ஆசிரியன் என்று பொருள். மீகாமனை மீட்டு இங்கே பொருத்தலாம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. அது ஆளைக் குறிப்பது; இந்த அமைப்பு கலத்தைச் செலுத்துவதில்லை, இருக்குமிடத்தைச் சொல்கிறது. இவ்வகை அமைப்புகளுக்குப் பொதுப்பெயராக 'இடங்காட்டி' போதும், எல்லோருக்கும் புரியும். செய்தி எழுதும் நண்பர்களே, ஜிபிஎஸ்ஸை அமெரிக்காவுக்கே விட்டுவிடுங்கள். நம்முடையதை நாவிக் என்றே எழுதுங்கள்.