நள்ளிரவு எண்ணெயும் நமது ஆங்கிலமும்

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுதுவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது சின்னதொரு விடயம்: ஆங்கில மரபுத்தொடர்களை நமது மாணவிகள் எப்படிக் கற்றார்கள் என்பது. இலக்கணத்தைப் புத்தகம் தரும். சொற்பொருளை அகராதி தரும். மரபுத்தொடர் மட்டும் பேசுவோரின் கூட்டு இல்லாமல் கைவசப்படாது. ஒரு தலைமுறைக்கு ஆங்கிலம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதை அதைக்கொண்டே அளந்துவிடலாம்.

1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். அக்காலத்தில் கற்றல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். நம்மவர் அவர்களுடைய பேச்சைப் படித்த காலத்திலேயே அவர்களும் நம்முடைய பேச்சைப் படித்தார்கள்.

நமது பாட்டிமார் காலத்தில் ஆங்கிலமே போதனாமொழி. மரபுத்தொடர்களைக் கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிப் பாடமாக்கினார்கள். ‘கிக் த பக்கற்’ என்றால் இறத்தல். 1785 இல் வெளிவந்த பிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதியிலும் அதுதான் பொருள். ஆனால் அது நம்மூர் ‘மண்டையைப் போட்டார்’ போன்ற சொல். செத்தவீட்டில் சொல்லக்கூடாது. அங்கே ‘காலமானார்’, ‘சிவபதமடைந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றுதான் நாம் சொல்வோம். கொப்பியின் இரண்டாவது நிரல் பொருளைச் சொல்லியது, இடத்தைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது வகுப்பறைக்கு வெளியே காதில் விழுந்த பேச்சு.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. அடுத்த ஆண்டுகளில் மேல்வகுப்புகளும் படிப்படியாக மாறின. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளும் படிக்க வந்தார்கள். அதன் பெறுமதிக்கு ஈடில்லை. ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கிற்று. மரபுத்தொடர் வினாத்தாளில் புள்ளிக்குரிய கேள்வியாயிற்று.

நமது முறை வந்தபோது யுத்தம். 1990 இலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தாளுக்கும் கட்டுப்பாடு. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். ‘பேர்னிங் த மிட்நைற் ஒயில்’ என்ற தொடருக்கு ‘இரவிரவாகப் படித்தல்’ என்று பொருள் எழுதினோம். 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையிலேயே ‘நள்ளிரவு எண்ணெய்’ உண்டு. மின்விளக்கு வந்தபின் ஆங்கிலேயருக்கு அது வெறும் உவமை. நமக்கோ போத்தல் விளக்கில் எத்தனை துளி மிச்சம் என்ற கணக்கு. அத்தொடரை நாம் பாடமாக்கத் தேவைப்படவில்லை.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்துக்குப் போனவர்களுக்கு எல்லாம் ஆங்கிலமாயிற்று. உடற்கூற்றியலின் கடினமான பெயர்களைக்கூட மனனம் செய்யலாம். பின்னர் இங்கிலாந்தில் வேலைக்குச் சென்ற நம்மவருக்குச் சவாலானவை சாதாரணச் சொற்களே. ‘அண்டர் த வெதர்’ என்றால் வானிலை பற்றிய பேச்சல்ல, உடம்புக்கு முடியவில்லை. ‘பின்ஸ் அன்ட் நீடில்ஸ்’ என்றால் விறைத்த காலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. ‘ஸ்பென்ட் எ பென்னி’ என்று ஒரு மூதாட்டி சொன்னால் மலசலகூடம் போகவேண்டும். பொதுக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு பென்னி போட்ட காலத்துப் பேச்சு அது. நோயாளி நோவைத் தன் வீட்டு மொழியில்தான் சொல்வார். யாழ்ப்பாணத்தில் ‘நாரி பிடிச்சிட்டுது’, ‘கைகால் உளையுது’ என்பதை விளங்காத வைத்தியர் பாதி வைத்தியர்தான். அதே நியாயம் அங்கும் பொருந்தும்.

இன்று காட்சி தலைகீழ். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நமது பிள்ளைகளுக்கு ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ தண்ணீர்பட்ட பாடு. ‘வயிற்றில் பால் வார்த்தாய்’ என்று அம்மம்மா தொலைபேசியில் சொன்னால் ‘என்ன பால்?’ என்று கேட்கிறார்கள். ‘கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்’ என்றால் பயந்தே போகிறார்கள். நமக்கு ஆங்கிலத்தில் எது எட்டாமல் இருந்ததோ, அதுவே அவர்களுக்குத் தமிழில் எட்டாமல் போகிறது.

சங்கத்தின் நூற்றாண்டில் நாம் ஒரு வேலையை ஏற்கலாம். எந்த நாட்டில் இருந்தாலும் ஒவ்வொருவரும் வீட்டில் புழங்கும் பத்துத் தமிழ் மரபுத்தொடர்களை எழுதுவோம். பக்கத்தில் ஆங்கிலத்தில் அதற்கு நெருங்கியதையும் எழுதுவோம். மூன்றாவதாக, நமது பாட்டிமாரின் கொப்பியில் இல்லாத ஒரு நிரல் சேர்ப்போம்: யாரிடம் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது. அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவர்களுடன் இருந்து பேசுவோம். நிரலில் எழுத முடியாதது அந்தப் பேச்சில்தான் போய்ச்சேரும்.