துப்பாக்கிக்குத் தப்பிய கானமயில்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்க்காரர்கள் அதைக் கோடாவண் என்பார்கள். நமக்குக் கானமயில். ஒரு மீட்டர் உயரம், நன்கு வளர்ந்த ஆண் என்றால் 15 கிலோ எடை. பறக்கிற பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கயத்தாறு பக்கம் காற்றாலை வேலை பழகிய நான், ஜெய்சல்மேரில் காற்றாலைகள் எழுந்த காலத்தில் அங்கே போனவன். பல வருஷம் அந்த மணலில்தான் சாப்பாடு. அந்த ஊர் மனிதர்கள் இந்தப் பறவையை எப்படிக் காத்தார்கள் என்பது தமிழில் அதிகம் சொல்லப்படாத கதை. சொல்லியே ஆகவேண்டும் என்று பல காலமாக நினைத்திருக்கிறேன்.

ஒருகாலத்தில் பஞ்சாபிலிருந்து நம் தமிழ்நாட்டு வறண்ட வெளிகள் வரை கானமயில் இருந்தது. அதன் இறைச்சி ருசி என்று பாபர் தன் நினைவுக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த ருசிதான் அதற்கு எமனாக வந்தது. ஆள் நடந்து வந்தால் அரை மைல் தூரத்திலேயே நழுவிவிடும் பறவை, மாட்டுவண்டியையோ ஒட்டகத்தையோ அவ்வளவாகச் சட்டை செய்யாது. வேட்டைக்காரர்களுக்கு இது தெரியும். வண்டியில் உட்கார்ந்து வட்டம் போட்டு, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து சுட்டார்கள். அகமதுநகர் பகுதியில் ராபர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஒரே ஆங்கிலேயர், 1809 முதல் 1829 வரை சுட்டது 961 பறவைகள். ஒருவரின் கணக்கு அது! ஜீப் வந்த பிறகு வட்டம் போடவும் அவசியமில்லாமல் போயிற்று. விரட்டிப் பிடித்துச் சுட்டார்கள்.

தக்காணத்தில் மேய்ச்சல் வெளிகள் உழவுக்குப் போயின. வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் வெறும் தரையில் இடும் பறவை, ஏருக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்து எப்படி ஈடுகொடுக்கும்? தார் பாலைவனத்தில் மட்டும் அது கூட்டமாக நிலைத்தது. முதல் காரணம் தண்ணீர் இல்லாதது. தண்ணீர் இல்லாத இடத்தில் ஏர் இல்லை. ஏர் இல்லாத இடத்தில் சேவண் புல் இடுப்புயரம் வளர்ந்து நின்றது. வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, இலந்தைப் பழம் என்று பறவைக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைத்தது.

இரண்டாவது காரணம் மனிதர்கள். அந்த ஊர்களில் ‘ஓரண்’ என்று சாமிக்கு விட்ட காடுகள் உண்டு. நம் ஊர்க் கோயில்காடு மாதிரிதான், ஆனால் பார்வை போகிற மட்டும் பரந்து கிடக்கும் புல்வெளியும் அதில் சேர்த்தி. ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம். கோடாலி நுழையக் கூடாது, ஏர் கூடாது, வேட்டை கூடாது. எங்கள் ஜீப் ஓட்டுநர் அந்தப் பக்கத்து ஆள். ஒருமுறை தேக்ராய் ஓரண் வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி, பல் துலக்க ஒரு குச்சி ஒடிக்கக் கை நீட்டினேன். அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாக இல்லை, பயந்துபோய். காய்ந்து விழுந்த விறகைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்களாம். வன்னி மரத்தடியில் வருஷக்கணக்காக மக்கிக் கிடந்த கட்டைகளை அவர் காட்டினார். சட்டம் வருவதற்குப் பல தலைமுறை முன்பே நடந்த காவல் இது. பக்கத்து மார்வாட் பகுதியில், கேஜட்லி கிராமத்தில், பிஷ்னோய் மக்கள் 363 பேர் வன்னி மரங்களுக்காக உயிர் கொடுத்தது 1730-இல்.

அரசாங்கம் மெதுவாகத்தான் வந்தது. 1952-இல் தனிக் காவல் வேண்டிய உயிர்களின் பட்டியலில் கானமயிலைச் சேர்த்தார்கள். பறவையியலாளர் சாலிம் அலி இதையே தேசியப் பறவையாக்கச் சொன்னார். 1963-இல் மயில்தான் ஆனது. அப்போது கானமயிலைத் தேர்ந்திருந்தால் அதன் தலையெழுத்து மாறியிருக்கும் என்றே நம்புகிறேன். 1972-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது.

உண்மையில் ராஜஸ்தானை உலுக்கியது 1978-79 குளிர்காலம். அரபு நாட்டு இளவரசர் ஒருவர் பழக்கிய வல்லூறுகளோடும் பெரும் பரிவாரத்தோடும் ஜெய்சல்மேருக்கு வேட்டையாட வந்தார். அவர்கள் குறி திலோர் என்னும் சின்னக் கானமயில். குளிருக்கு மத்திய ஆசியாவிலிருந்து தாருக்கு வருவது. அவர்கள் நாட்டில் அதை வேட்டையாடி வேட்டையாடிக் குறைந்துபோனதால் இங்கே வந்தார்கள். திலோர் திரிகிற அதே புல்லில்தான் கோடாவணும் திரிகிறது. செய்தி ஜெய்ப்பூரை எட்டியதும் ஹர்ஷ் வர்தன் போன்ற பறவை ஆர்வலர்கள் கிளம்பிவிட்டார்கள். எதிர்ப்பு தெருவுக்கு வந்தது. வேட்டை நின்றது. ஒரு பறவைக்காக அந்நாளில் ஓர் ஊரே குரல் கொடுத்தது எனக்கு இன்றும் புல்லரிக்கிற விஷயம். அந்தச் சூட்டோடு 1980-இல் ஜெய்ப்பூரில் கானமயில்களுக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. ஜெய்சல்மேர், பாட்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டரில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைந்தது. 1981-இல் கோடாவண் ராஜஸ்தானின் மாநிலப் பறவை ஆனது.

நான் அதை அருகே பார்த்தது அந்தப் பூங்காவின் சுதாசரியில், விடிகாலையில். சேவண் புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்தும் கறுப்புக் கொண்டையும் மட்டும் தெரிந்தன. பிறகு ஆண் பறவை தொண்டைப் பையை ஊதியது. பை முழங்கால் வரை தொங்கியது. வால் விசிறியாக முதுகில் மடிந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு கனத்த முழக்கம் வந்தது, மார்பில் அதிர்வு உணர்கிற மாதிரி. பெட்டை கொஞ்சம் தள்ளிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது.

துப்பாக்கிக்குத் தப்பியதற்கு வேறு ஆபத்துகள் வந்தன. இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்த இடமெல்லாம் புல்வெளி வயலானது, பூச்சிமருந்தும் கூடவே வந்தது. தெருநாய்கள் முட்டையைத் தின்றன. 1969-இல் நாடு முழுவதும் 1,260 இருக்கும் என்று பறவையியலாளர் தர்மகுமார்சிங்ஜி மதிப்பிட்டார். 2018 வாக்கில் அது 150 அளவுக்கு வந்துவிட்டது.

கடைசியாக வந்தது என் தொழில். கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. கீழே தரையையும் பக்கத்தையும் நன்றாகப் பார்க்கும். நேர் எதிரே பார்வை குறுகல். உடம்போ கனம். கம்பி கண்ணில் படும்போது திரும்ப நேரம் இருக்காது. காற்றாலையின் இறக்கையைவிட அதன் அடியிலிருந்து துணைமின் நிலையத்துக்கு ஓடும் கம்பிதான் இதற்குப் பெரிய ஆபத்து. ஓரண்களைத் தாண்டியும் அந்தக் கம்பிகள் போகின்றன. வருவாய்ப் பதிவேட்டில் அவற்றுள் பல வெறும் தரிசு என்று எழுதப்பட்டிருப்பதே காரணம். குச்சி ஒடிக்கப் பயந்த மனிதர்களின் நிலத்துக்கு நாம் கொடுத்த பெயர் தரிசு!

2019 முதல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம் என்ற ஊரிலுள்ள இனப்பெருக்க மையத்தில், காட்டில் எடுத்த முட்டைகளைப் பொரித்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். 2024-இல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. நல்ல வேலை. ஆனால் அந்தக் குஞ்சுகளை நாளை எந்த வானத்தில் விடுவார்கள்? உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கம்பிகளைப் புதைக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. பெரிய கோபுரக் கம்பிகளைப் புதைப்பது கடினம் என்று கம்பெனிகள் சொல்வது உண்மை. காற்றாலையிலிருந்து துணைமின் நிலையத்துக்கு ஓடும் 33 கிலோவோல்ட் கம்பிக்கு அந்தச் சாக்கு செல்லாது. பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, கேபிள் இறக்கி மூடுகிற வேலையை நகரங்களில் தினமும் செய்கிறோம். செலவு கூடும், அவ்வளவுதான். கோடாவண் திரியும் இடங்களிலாவது அந்தச் செலவைச் செய்யுங்கள், ஓரண்களை ஓரண் என்றே பதிவேட்டில் எழுதுங்கள். அந்தக் கம்பியோடு வேலை செய்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.