சாத்து

மடிக்கணினியோடு ஒரு நிறுவனத்தின் குழு முழுவதும் ஊர் ஊராகப் போய், தங்கிய இடத்திலேயே வேலை பார்ப்பதையும் இப்போது 'வொர்க்கேஷன்' என்கிறார்கள். கூட்டமாகப் பயணப்பட்டு வழியிலேயே தொழில் செய்தவர்களுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: சாத்து.

சாத்து என்றால் வணிகக் கூட்டம். வடமொழி 'சார்த்த' என்பதோடு தொடர்புடைய சொல் இது. சாத்தின் தலைவன் சாத்துவான். சிலப்பதிகாரக் கோவலனின் தந்தை பெயரான மாசாத்துவானில் அது இன்றும் இருக்கிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கள்வர் பயம் இருந்த காலத்தில் தனி ஆள் சரக்கோடு நடக்க முடியாது. காவலையும் செலவையும் பகிர்ந்துகொள்ளவே கூட்டம் சேர்ந்தது.

அந்தக் கால வணிகர்களின் தடம் மதுரைப் பக்கம் கல்லிலும் உண்டு. மதுரை சிம்மக்கல்லில் பாலம் ஏறி வைகையைக் கடந்து வடகிழக்கே போனால், கிடாரிப்பட்டி அருகே அழகர்மலைக் குகை. சமணத் துறவிகளுக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த மதுரை வணிகர்களின் பெயர்கள் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன: உப்பு வணிகர், துணி வணிகர், கொழு (ஏர்முனை) வணிகர். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டில் 'நிகமம்' என்ற வணிகர் சங்கமே வருகிறது. பிற்காலத்தில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு கடல் கடந்தும் போனது. சுமத்ராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று.

குழுவாகக் கிளம்பும் இளைஞர்களே, 'பணிச்சாத்து' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; அது நமக்குப் பொருந்தும்.