ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சரித்திரம்

என் தங்கையின் மகன் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு பழைய ஹொண்டா சி 50 மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். "மாமா, வாங்கிப்போட்டன். முதல் என்ன செய்யவேணும்?" என்று கேட்டான். கழுவிப் பளபளப்பாக்குவதா, புதிய இருக்கை உறை போடுவதா என்பதே அவனது யோசனை. "முதலில் ஒயிலைப் பார்" என்றேன். அந்த மூன்று சொற்களைக் கற்றுக்கொள்வதற்கு நான் ஒரு எஞ்சினையே விலையாகக் கொடுத்தவன்.

அந்தக் கதைக்கு முன் இந்த வாகனத்தின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டும்.

சொய்ச்சிரோ ஹொண்டா 1906இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றவரல்லர். 1922இல், 15 வயதில், தோக்கியோவில் ஒரு வாகனத் திருத்தகத்தில் வேலை பழகச் சேர்ந்தவர். போரில் தோற்று நொந்திருந்த ஜப்பானில், 1946இல், ஹமமற்சு நகரில் அவர் ஒரு காரியம் செய்தார். இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறிய எஞ்சின்கள் தேடுவாரற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சாதாரண சைக்கிள்களில் பொருத்தினார். முதல் மாதிரியில் எரிபொருள் தாங்கியாக இருந்தது, குளிர் இரவுகளில் படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்க் குப்பி. பெற்றோலோ பங்கீட்டில் இருந்தது. ஆகவே பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து அந்தச் சைக்கிள்கள் ஓடின. வாசகர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் அது யாழ்ப்பாணத்துக்கும் பொருந்திவந்தது.

1956இன் இறுதியில் ஹொண்டாவும், நிறுவனத்தின் விற்பனையையும் நிதியையும் கவனித்த தக்கியோ புஜிசாவாவும் ஐரோப்பாவுக்குச் சென்று அங்கு ஓடிய சிறு வாகனங்களைப் பார்த்தனர். 1958 ஓகஸ்டில் 'சுப்பர் கப்' வெளிவந்தது. விலை 55,000 யென். 49 கன சென்ரிமீற்றர் எஞ்சின். கையால் பிடிக்கவேண்டிய கிளச் இல்லை. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறுகையால் கடைப் பையன் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று. சங்கிலிக்கு முழு மூடி, சேறு தெறிக்காமல் காலுக்கு மறைப்பு. சாதாரண மனிதன் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத்தக்க இயந்திரமாக அது அமைந்தது. 2017ஆம் ஆண்டளவில் இந்த வரிசையில் 10 கோடி வாகனங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இலங்கையில் 1977இல் ஆட்சி மாறி, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானில் ஓடிக் கழித்த வாகனங்கள் பெருமளவில் வந்திறங்கின. சி 50, சி 70, சி 90 என்பனவும், ஜப்பானிய அஞ்சற்காரர்கள் ஓட்டிய எம்.டி. 90 என்பதும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குப் பழக்கமாகின. ஆசிரியர்களும் கிராம சேவையாளர்களும் அவற்றில் ஏறினார்கள். பத்திரிகையாளனாகிய நானும் ஏறினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் வாங்கிய சி 50 எனக்கு முன் எத்தனை பேரிடம் இருந்ததோ தெரியாது. பெற்றோல் ஊற்றினேன், ஓடினேன். நாலாவது மாதம், செய்தி சேகரித்துத் திரும்பும் வழியில், எஞ்சின் ஒருமுறை முனகி இறுகி நின்றது. தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் மெக்கானிக் அடியிலிருந்த ஒயில் ஆணியைக் கழற்றினார். ஒரு தேநீர்க் குவளை அளவுகூட வரவில்லை. வந்ததும் தார்போல இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீங்கள் பேப்பரிலை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுறியள். இதுக்குள்ளை எவ்வளவு ஒயில் நிக்குதெண்டு பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். எஞ்சினைத் திருத்த என் மூன்று மாதச் சம்பளம் போயிற்று.

அதன்பின் அவரிடமே ஞாயிறு காலைகளில் பாடம் கேட்டேன். அந்தப் பாடம் எளிமையானது. சி 50இன் எஞ்சினுக்கு வேண்டியது சுமார் 0.8 லீற்றர் ஒயில். அந்தச் சிறு அளவே பிஸ்டனையும் கியர்களையும் கிளச்சையும் ஒருசேரக் காக்கிறது. ஆகவே குறைந்தால் தாங்காது. பழைய வாகனம் வாங்கியவர் முன்னையவர் சொன்னதை நம்பாமல் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, 17ஆம் இலக்க ஸ்பனரால் அடி ஆணியைக் கழற்றிப் பழைய ஒயிலை முழுதாக வடித்துப் புதியதை ஊற்றவேண்டும். வடித்த ஒயிலில் உலோகத் துகள் மினுங்கினால் உள்ளே தேய்மானம் உண்டு என்று பொருள்.

அடுத்தது பிளக். அதைக் கழற்றிப் பார்ப்பது வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்றது. இளம் மண்ணிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதியாகப் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. ஒயிலில் நனைந்திருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வின் பகுதிகளோ தேய்ந்திருக்கலாம். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

வால்வுகளின் இடைவெளியைப் பலர் பார்ப்பதில்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், பறக்கும் சக்கரத்தின் 'ரி' அடையாளத்தைப் பொருத்தி, பிஸ்டன் அமுக்க நிலையில் மேலே நிற்பதை உறுதிசெய்துகொண்டு, இரு வால்வுகளுக்கும் 0.05 மில்லிமீற்றர் வைக்கவேண்டும். சங்கிலி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை மேலும் கீழும் ஆடலாம். கம்பிகளுக்கு இரண்டு சொட்டு ஒயில், பிரேக் கட்டைகளின் தேய்மானம், காற்று வடிகட்டி, தாங்கியின் அடியில் துரு: இவற்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும். ரயரில் பூக்கள் ஆழமாக இருந்தாலும் வயதைப் பார்க்கவேண்டும். 2000ஆம் ஆண்டின் பின் வந்த ரயர்களின் பக்கவாட்டில் பெரும்பாலும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். வெடித்துக் காய்ந்த ரயரை இரக்கமின்றி மாற்றவேண்டும்.

இவற்றை நான் கற்றது பொழுதுபோக்காகத்தான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அது வாழ்வாதாரமாயிற்று. குடாநாட்டுக்கான பாதை மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் பசளையும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் மாத்திரம், அதுவும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், யானை விலைக்குக் கிடைத்தது. ஹமமற்சுவில் பைன் எண்ணெய் செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் செய்யத் தொடங்கியது.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். உடுப்பெல்லாம் அடுப்பங்கரை மணக்கும். சி 50க்கு இன்னொரு பேறும் இருந்தது. அதன் தீப்பொறி பறக்கும் சக்கரத்தின் காந்தத்திலிருந்தே பிறப்பதால், பற்றரி இல்லாமலும் உதைத்து இயக்கலாம். பற்றரி தடைசெய்யப்பட்ட ஊரில் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர்.

ஆனால் மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமல் விடாது. முழுதாக எரியாத பகுதி பிளக்கில் கரியாகப் படியும். மிச்சம் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் ஒயில் குறையாமல் உயர்ந்துவந்தால் மகிழக்கூடாது; அது மண்ணெண்ணெய் கலந்ததன் அடையாளம். அக்காலத்தில் காலையில் பிளக்கைத் துடைப்பது பல் துலக்குவதோடு சேர்ந்த கடமையாயிற்று. விரலில் ஒயிலைத் தொட்டு மணந்துபார்த்தே எத்தனையோ பேர் தம் எஞ்சின்களைக் காப்பாற்றினார்கள்.

பத்திரிகைத் தாளும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. கிடைத்த தாளில் பக்கங்களைச் சுருக்கி அச்சிட்டோம். குண்டுவீச்சையும் இறந்தோர் தொகையையும் எழுதினோம். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் ஆசிரியரைப் பள்ளிக்கும் செய்தியை அச்சகத்துக்கும் கொண்டுசேர்த்த அந்த இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்த கைகளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று அந்தக் குறை என்னை உறுத்துகிறது. எனக்குப் பாடம் சொன்ன மெக்கானிக்கும் இப்போது இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில் என் சி 50இன் எஞ்சினால் ஒரு பயனும் இருக்கவில்லை. நாவற்குழிப் பாலத்துக்குச் செல்லும் வீதியில் காலடி வைக்கவே இடமில்லை. அம்மாவை இருக்கையில் அமர்த்தி, கைபிடியில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டு, இரவு முழுவதும் தள்ளினோம். காற்றுக் குறையாத இரண்டு ரயர்களும் இழுபடாமல் சுழன்ற சக்கரங்களுமே அன்று எங்களுக்கு உதவின. அதற்கு முந்திய ஞாயிறு நான் பிரேக்கைச் சரிபார்த்து, சக்கரத்தின் அச்சுக்குக் கிரீஸ் வைத்திருந்தேன். நடக்க முடியாத தாய்மாரைக் கையில் தூக்கிச் சென்றவர்களையும் அன்று கண்டேன்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ 9 வீதி திறந்தபின் புதிய இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பழையன கோழிக்கூட்டின் அருகே சாய்த்துவைக்கப்பட்டன. ஆனால் சரித்திரம் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலை ஏறியது. இளைஞர்கள் கோழிக்கூட்டின் அருகே தேடத் தொடங்கினார்கள். என் மருமகனின் வாகனமும் அப்படி மீண்டதுதான்.

அன்று மாலை அவன் ஒயில் ஆணியைக் கழற்றினான். கன்னங்கரேலென்று வந்தது, ஆனால் துகள் இல்லை. பிளக் கரி பிடித்திருந்தது, துடைத்தோம். பின் ரயர் பதினொரு ஆண்டு பழையது என்பதைக் கண்டு அவன் திகைத்தான். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கொடுத்து, திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் செய்த வேலையையும் எழுதச் சொன்னேன்.

"இதெல்லாம் எழுதவேணுமோ மாமா?" என்றான்.

"உனக்கு முன் வைத்திருந்தவர் எழுதியிருந்தால் இன்று நீ இவ்வளவு தேடியிருக்கத் தேவையில்லையே" என்றேன். அவன் எழுதினான்.