மில்லா, விசைத்தறியா?

ஆரணியில் கைத்தறி ஏன் நலிந்தது என்று இன்று யாரைக் கேட்டாலும் "விசைத்தறிதான் சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எழுபது வருடத்துக்கு முன்பு இதே கேள்விக்கு வேறு சொல் இருந்தது: மில்.

1952ல் சென்னை ராஜ்யம் முழுவதும் பருத்தி நெசவாளர்கள் கஞ்சிக்கே திண்டாடினார்கள். கொரியப் போரையொட்டி ஏறிய விலை சரிந்து, நெய்த துணி தேங்கிக் கிடந்தது. முதல்வர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடவேண்டும் என்று டில்லியிடம் மன்றாடினார். எதிரணியில் இருந்த அண்ணா, 1953 தொடக்கத்தில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். மத்திய அரசு 1952 டிசம்பரிலேயே மில் வேட்டி உற்பத்தியை 60 சதவீதமாகக் குறைத்திருந்தது. அடுத்த ஆண்டு மில் துணிக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் கொடுத்தது.

நல்ல எண்ணம்தான், பலனும் இல்லாமல் இல்லை. ஆனால் மில் விலகிய இடத்தில் கைத்தறி மட்டும் வந்து உட்காரவில்லை. விசைத்தறியும் வந்தது. ஒரு விசைத்தறி ஆறு கைத்தறிகளை நிறுத்துகிறது என்று 1974ல் சிவராமன் குழு கணக்குச் சொன்னது. 22 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985ல் வந்த சட்டம் வழக்கில் சிக்கி, 1993ல்தான் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. பிறகு ரகங்கள் 11 ஆகச் சுருங்கின.

மில் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூல் விலை, கடன், வாங்குபவர் கையில் காசில்லாமை எல்லாம் அதோடு பின்னிக் கிடந்தன. மில் கண்ணுக்குத் தெரிந்தது, உத்தரவு போடக் கைக்கும் எட்டியது. அதனால் விசாரணை அங்கேயே நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

பட்டில் கதை வேறு. ஆனாலும் இந்தப் பழக்கம் நம் தெருவிலும் உண்டு. பாவு இழை அறுந்து புடவையில் பழுது விழுகிறது. கோறாவில் முறுக்கு சரியில்லாமல் இருக்கலாம், சாயப் பட்டறையில் பட்டு அதிகம் வெந்திருக்கலாம், அச்சில் ஒரு பல் தேய்ந்திருக்கலாம், ஐப்பசி மழையில் பாவு ஈரம் குடித்திருக்கலாம். பெரும்பாலும் இதில் இரண்டு மூன்று சேர்ந்துதான் இழையை அறுக்கும். புடவையை விரித்துப் பார்க்கும் முதலாளிக்கு மட்டும் காரணம் ஒன்றுதான்: நெய்தவன். கூலியில் பிடித்தம் விழும்.

சாயக்காரர் கூலியில் கைவைத்து நான் பார்த்ததில்லை. மழையிடம் பிடித்தம் செய்யவும் வழியில்லை.