பனப்பாக்கத்து ஆலையும் ஆம்பூரின் தோலறிவும்

2024 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் காலணி ஆலைக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அறிவிக்கப்பட்ட முதலீடு 1,500 கோடி ரூபாய். வேலை 25,000 பேருக்கு. தோலுக்குப் பேர்போன வட்டாரத்தில் அமையும் இந்த ஆலை தோல் அல்லாத காலணிகளைச் செய்யும். நைக்கிக்குக் காலணி செய்யும் மற்றொரு தைவான் நிறுவனமான ஃபெங் டே, செய்யாறு சிப்காட்டில் முன்பே இதற்குத் தடம் போட்டுவிட்டது. இத்தகைய ஆலையை வேலை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. சுற்றுவட்டாரப் பட்டறைகளிடம் அது என்ன வாங்கும் என்பதையும் சேர்த்தே அதன் பயனைக் கணக்கிட வேண்டும்.

இதே தோல் வட்டாரத்து ஆம்பூரில், ஷூ கம்பெனியில் கட்டிங் செய்பவர் முதலில் தோலைத் தடவிப் பார்க்கிறார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, இழுத்தால் தொய்யும் வயிற்றுப் பகுதி ஆகியவற்றை ஒதுக்கி, தோல் எந்தப் பக்கம் நீளும் என்று அறிந்து அச்சை வைக்கிறார். ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்பது அவர் கையில் இருக்கிறது. செயற்கைத் துணிச் சுருளிலோ தழும்பு இல்லை. பல அடுக்குகளை ஒன்றாக வைத்து இயந்திரம் வெட்டிவிடும். அங்கே இந்தக் கைத்தேர்ச்சிக்குக் கூலி கிடையாது.

தோல் பதனிடாத ஆலையால் பாலாற்றில் குரோமியம் கலக்காது என்பது மெய்யான நன்மை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்தியது இவ்வட்டாரத்துத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில்தான். கிணற்று நீரை இழந்த உழவர்களின் முன் இந்த நன்மையைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் ஆம்பூர் ஷூ செய்யும் ஊரானது எப்படி? 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதத் தோல், ஷூ அப்பர், முழு ஷூ என்று தொழில் படிப்படியாக மேலேறியதில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. இன்று உள்நாட்டுப் பொருளை வாங்கினால்தான் மானியம் என்று நிபந்தனை வைக்க உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் இடம் தராது. அந்நாளைப் போல ஆலையைக் கட்டாயப்படுத்தும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது.

எஞ்சியிருப்பது விற்பவரைத் தயார்செய்யும் வழி. சோல் வார்ப்பச்சு, பசை, இன்சோல், அட்டைப்பெட்டி ஆகியவற்றை ஆம்பூர், வாணியம்பாடிப் பட்டறைகள் வெளிநாட்டு பிராண்டுகளின் தரச்சோதனையில் தேறும்படி செய்து தர வேண்டும். அதற்குப் பொதுச் சோதனைக்கூடமும் வார்ப்பச்சுப் பட்டறையும் பனப்பாக்கத்தின் அருகிலேயே வேண்டும். 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குத் தோள் கொடுக்க முடியும். 2022இல் காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் தனிக் கொள்கை வெளியிட்ட தமிழக அரசு, அந்நிய ஆலைகளை அழைப்பதில் காட்டும் முனைப்பை இந்தப் பட்டறைகளிடமும் காட்ட வேண்டும். ஆலை ஓடத் தொடங்கும் முன்பே இவை அமைய வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர்களுடன் கொள்முதல் உறவு ஒருமுறை வேரூன்றிவிட்டால், உள்ளூர்ப் பட்டறை அதற்குள் நுழைவது மிகக் கடினம்.